பிழையைச் சொல்லத் துணியும் செவிலியர்

நிர்வாகம் வாக்களித்ததைச் செய்யும், தம்மை நியாயமாக நடத்தும், நெருக்கடியில் கைவிடாது என்று ஒரு செவிலியர் தாம் பணிபுரியும் மருத்துவமனையைப் பற்றிக் கொள்ளும் உறுதியை ஆய்வாளர்கள் ‘நிறுவன நம்பிக்கை’ என்கின்றனர். மருந்து கொடுப்பதில் தவறு நேரும் இரவுதான் அதற்கு உண்மையான சோதனை. அடுத்தடுத்த கட்டில்களில் உள்ள இருவரில் ஒருவருக்குரிய இன்சுலினை மற்றவருக்குப் போட்டுவிட்ட செவிலியர் உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டால், சர்க்கரை அளவு தாழ்ந்து நோயாளி மயங்குமுன் குளுக்கோஸ் ஏற்றிவிடலாம். ஆனால் உண்மையைச் சொன்னவருக்கு மறுநாள் மெமோ வருமென்றால், அடுத்த முறை அத்தகைய தவறு கேஸ் ஷீட்டில் ஏறாது.

இதைத் தெளிவாகக் காட்டியது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வு. இணக்கமும் நல்ல தலைமையும் உள்ள வார்டுகளில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தே அவர் ஆய்வைத் தொடங்கினார்; பதிவான பிழைகளோ அங்கேதான் கூடுதலாக இருந்தன. அந்த வார்டுகளில் இருந்தோர் தவறுகளை மறைக்காமல் பேசியதே எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் என்ற விளக்கத்துக்கு வந்த அவர், கேள்வி கேட்பதாலோ தவறை ஒப்புக்கொள்வதாலோ இழிவு நேராது என்னும் உணர்வை 1999இல் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்தாக விரித்தெழுதினார். பிழைப் பதிவேடு வெறுமையாக இருப்பதைப் பெருமையாகக் கருதும் நிர்வாகங்கள், ஊழியர் வாய்மூடிக் கிடப்பதைத் தரம் என்று எண்ணி ஏமாறுகின்றன.

நிறுவன நம்பிக்கையை வளர்ப்பவை எவை என்பதையும் ஆய்வு காட்டியிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 1990களில் செலவைக் குறைக்கும் நோக்குடன் மருத்துவமனைகள் இணைக்கப்பட்டுச் செவிலியர் பலர் வேலையிழந்த பின்னர், எஞ்சியோரிடம் ஆய்வாளர் ஹெதர் லாஷிங்கர் குழுவினர் நடத்திய ஆய்வு, தகவல், ஆதரவு, வேலைக்கு வேண்டிய பொருள்கள், முன்னேறும் வாய்ப்பு ஆகியவை கிடைத்தவர்களிடம் நிர்வாகத்தின்மீது நம்பிக்கை மிகுந்திருந்ததைக் கண்டது.

தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கை பணி நிரந்தரம் என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் செய்யப்படும் என்று கூறப்பட்டதைச் சுட்டி, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்கக (டிஎம்எஸ்) வளாகத்தில் திரண்டு போராடினர். கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்ட செவிலியர் பலரின் பணியோ 2022 டிசம்பர் 31உடன் முடித்துக்கொள்ளப்பட்டது. ஒப்பந்தம் நீளுமா என்ற கவலையோடு வார்டுக்குள் நுழைபவருக்கு ஒரு மெமோவே வேலையைப் பறிக்கும் ஆயுதமாகத் தோன்றுவதால், தவறை எழுதித் தரச் சொல்லும் எந்தச் சுற்றறிக்கையையும் அவர் அச்சத்தோடுதான் படிப்பார்.