உங்களுக்குத் தெரியுமா? மண்ணுக்குள் திருகி இறக்கும் அஸ்திவாரம்

சேற்றிலும் மணல்திட்டிலும் கட்டடத்தைத் தாங்கும் ‘ஸ்க்ரூ பைல்’ அஸ்திவாரத்தை உருவாக்கியவர் பார்வையற்ற பொறியாளர்!

• அயர்லாந்தின் அலெக்சாண்டர் மிட்செல் இளம் வயதிலேயே பார்வையை இழந்தார். பெல்ஃபாஸ்டில் செங்கல் தொழில் செய்தவர். 1833இல் ஸ்க்ரூ பைலுக்குக் காப்புரிமை பெற்றார். வேலை நடக்கும் இடத்துக்கே போய், இரும்பைக் கையால் தடவிப் பார்த்துச் சோதிப்பார்.

• ஸ்க்ரூ பைல் என்பது ஓர் இரும்புத் தண்டு. அதன் அடியில் சுருள் தகடு. தண்டைத் திருகத் திருக, மேல் பக்கத்து இளகிய மண்ணைக் கடந்து கெட்டியான மண்ணில் தகடு பதிகிறது. பாரத்தைத் தாங்குவதும் அதுதான். மேல்நோக்கி இழுத்தாலும் எளிதில் பிடுங்கிக்கொண்டு வராது.

• தேம்ஸ் முகத்துவாரத்தின் மேப்ளின் மணல்திட்டில் 1838இல் பைல்களை இறக்கினார்கள். மோட்டார் கிடையாது. ஆட்களே சுற்றிச் சுற்றித் திருகினார்கள். அதன்மேல் எழுந்த கலங்கரை விளக்கம் 1841இல் ஒளிர்ந்தது.

• அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 1875இல் இதே முறையில் கட்டிய தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது.

• இப்போது ஹைட்ராலிக் இயந்திரம் திருகுகிறது. பெரிய பள்ளம் வேண்டாம். கான்கிரீட் இறுகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். திருகத் தேவைப்படும் முறுக்கு விசையை வைத்தே, பைல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணிக்கிறார்கள்.

• பாறையும் பெருங்கற்களும் நிறைந்த நிலத்துக்கு இது ஒத்துவராது. மண் பரிசோதனை செய்யாமல் இறங்காதீர்கள்.