கழுத்தில் கட்டு! கையில் ஓட்டு!

ஓட்டுக் கேட்பவர்களின் ஐந்து வித்தைகள்

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போனால், வழியில் பரங்கிமலை வரும்.

1967-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் மாநிலமே இந்தத் தொகுதியைப் பார்த்தது. தி.மு.க. வேட்பாளர் எம்.ஜி.ஆர். ஆனால் அவர் தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்!

காரணம்? ஜனவரி 12-ந் தேதி நடிகர் எம்.ஆர்.ராதா அவரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது.

கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரொட்டி ஆயிற்று. எழுத்துத் தெரியாதவர்களும் பார்த்தார்கள். கண் கலங்கினார்கள். 27 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் எம்.ஜி.ஆர். வென்றார்.

படம் மட்டுமா?

இல்லை. அப்போது அரிசித் தட்டுப்பாடு இருந்தது. 1965-ம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் ஆறவில்லை. பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் முதல்-மந்திரி பக்தவத்சலமே தோற்றார். மக்கள் மனதில் ஏற்கனவே இருப்பதைத்தான் பிரசாரம் தட்டி எழுப்பும். இல்லாததை உண்டாக்குவது கடினம்.

அந்த வித்தைகள் எவை?

முதலாவது, இரக்கம். கட்டுப் போட்ட படம் அதற்குச் சாட்சி.

இரண்டாவது, தெரிந்த முகம். சினிமாவில் நல்லவராக வந்தவர் ஆட்சியிலும் நல்லவராக இருப்பார் என்ற எண்ணம்.

மூன்றாவது, நாக்கில் ஒட்டும் வாக்குறுதி. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்பது 1967-ல் ஊரெல்லாம் ஒலித்தது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார்கள். மூன்று படி வரவில்லை.

நான்காவது, கூட்டம். "எல்லோரும் எங்கள் பக்கம். நீங்கள் மட்டும் ஏன் தனியே?" என்பார்கள். லாரியில் வந்த கூட்டமும் கூட்டம்தான்!

ஐந்தாவது, பயம். "அவர்கள் வந்தால் உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் நின்றுவிடும்" என்பார்கள். முன்பு இது காதோடு காதாகப் பரவியது. இன்று செல்போனில் பரவுகிறது. ஒருவர் பேசாததைப் பேசியது போலக் காட்டும் பொய்ப் படங்களும் வந்துவிட்டன.

நாம் என்ன செய்வது?

இந்த வித்தைகளை எல்லாக் கட்சிகளும் கையாளுகின்றன. யாரையும் வெறுக்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னதை எப்படிச் செய்வார்? பணம் எங்கிருந்து வரும்? சென்ற முறை சொன்னதைச் செய்தாரா?

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். வாங்குவதும் குற்றம். யாராவது சத்தியம் வாங்கிக்கொண்டு மிரட்டினால் பயப்படாதீர்கள். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம்.

அம்மா, அப்பா, 18 வயது நிரம்பிய பிள்ளைகள் எல்லோரும் இரவுச் சாப்பாட்டின்போது இதைப் பேசுங்கள். சுவரொட்டி மழையில் கரைந்துவிடும். போட்ட ஓட்டின் பலன் 5 ஆண்டு நிற்கும்!