ஸ்டீரியோவுக்குத் தனி ஒயரிங் தேவையா? ஒரு சின்ன கணக்கு

"ஆம்ப்ளிஃபையருக்கு மெயின் போர்டுல இருந்து தனி லைன் இழுத்தா சவுண்ட் வேற லெவல்ல இருக்கும்"னு யாராவது சொல்வாங்க. பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஆம்ப் பின்பக்கம் எழுதியிருக்கற வாட்ஸைப் பாருங்க. 300 வாட்ஸை 230 வோல்ட்டால வகுத்தா சுமார் 1.3 ஆம்பியர்தான். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும்.

உர்ர்னு சத்தம் வருதா? டிவி, ஆம்ப் ரெண்டையும் ஒரே பிளக் பாயிண்ட்ல இருந்து எடுத்துப் பாருங்க. பல நேரம் அதுலயே சரியாகிடும். எர்த் பின்னை மட்டும் எடுத்துடாதீங்க. காசு முதல்ல போக வேண்டியது நல்ல எர்த்திங்குக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்கும். அது உயிர் விஷயம்.

சொந்த வீடு கட்டறீங்களா? சுவர் பூசறதுக்கு முன்னாடியே 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர்ல தனி லைன், தனி எம்சிபி போட்டுடுங்க. பின்னாடி சுவரை உடைக்கற செலவு மிச்சம். வாடகை வீடுன்னா, சுவருக்குள்ள போன ஒயர் ஹவுஸ் ஓனருக்கு. காலி பண்ணும்போது ஸ்பீக்கர் மட்டும்தான் உங்களோட வரும்.