ஒரு நாள் ஓட்டமும் அன்றாட நடையும்: சென்னைவாசிகள் அறிய வேண்டிய உரிமைகளும் இடர்களும்

சென்னையில் உடற்பயிற்சி இன்று இரு வேறு வடிவங்களில் நிலவுகிறது. ஜனவரி மாத விடியற்காலையில் நேப்பியர் பாலத்தருகே தொடங்கும் மாரத்தானை இலக்காக வைத்து, மாதக்கணக்கில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு கிலோமீட்டரையும் கைக்கடிகாரத்தில் பதிவு செய்து ஓடுவோரின் பயிற்சி ஒரு வகை. மயிலாப்பூர் மாட வீதிகளில் காய்கறி வாங்கப் போய்வரும் நடை, மாம்பலம் ரயில் நிலையத்தின் படிகள், பெசன்ட் நகர்க் கடற்கரையில் பிள்ளைகளைத் துரத்தி ஓடும் அரைமணி நேரம் என யாரும் பயிற்சி என்று பெயரிடாத அசைவு மற்றொரு வகை. இவற்றில் ஒன்று மற்றதற்கு மாற்று என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும் அது சரியன்று. அட்டவணைப் பயிற்சி அன்றாட அசைவின் மேல்தான் நிற்கிறது. இரண்டின் இடர்களும் வேறு, சட்டம் தரும் காப்பும் வேறு. பந்தயத்துக்குப் பணம் கட்டியவரைச் சட்டம் நுகர்வோராகப் பார்க்கிறது. தெருவில் நடப்பவரை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் குடிமகனாகப் பார்க்கிறது. இந்த வேறுபாடு தெரியாததாலேயே இருவருக்கும் உள்ள உரிமைகள் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகின்றன.

அன்றாட அசைவை அற்பமாக எண்ணும் பழக்கத்தை மருத்துவ ஆய்வுகள் ஏற்பதில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உடலுழைப்பிலோ ஈடுபட வேண்டும் என்று 2020இல் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அப்போது கைவிட்டது. பிரிட்டனில் முறையான உடற்பயிற்சி எதுவும் செய்யாத 25,000க்கும் மேற்பட்டோரின் கையில் அசைவளவி கட்டி ஆராய்ந்து, 2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. பேருந்தைப் பிடிக்க விரைதல், மூட்டையோடு படியேறுதல் போன்ற ஓரிரு நிமிட மூச்சிரைப்பு நாளொன்றுக்கு மூன்று முறை நேர்ந்தவர்களிடம், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு அவ்வாறு நேராதவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்ததை அது கண்டது. இது காரணத்தை நிறுவும் சோதனை அன்று, கண்காணிப்பு ஆய்வுதான். எனினும் அந்த மூச்சிரைப்பை வீண் என்று இனி ஒதுக்க முடியாது.

இதைவிட நெருக்கமான சான்று சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு 1990களின் பிற்பகுதியில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் உள்ள இரு குடியிருப்புகளில் சென்னை நகர மக்கள்தொகை ஆய்வை மேற்கொண்டது. திருமங்கலம் ஏசியாட் காலனியில் தொடக்கத்தில் 14.2 சதவீதத்தினரே வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்துவந்தனர். நீரிழிவு பற்றி ஆய்வாளர்கள் எடுத்துரைத்ததைக் கேட்ட குடியிருப்போர், தங்கள் பணத்தைத் திரட்டித் தங்கள் பகுதியிலேயே ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டனர். பின்னாளில் அளந்தபோது அந்த விகிதம் 58.7 சதவீதமாக உயர்ந்திருந்தது. அறிவுரை மட்டும் மக்களை நடக்கவைக்கவில்லை, நடப்பதற்கு இடம் கிடைத்ததும் நடந்தார்கள் என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு. நடை என்பது தனிமனித மனஉறுதி சார்ந்தது மட்டுமே எனப் பேசுவோர் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

இனி அட்டவணைப் பயிற்சி. 42.195 கிலோமீட்டரை ஆர்வத்தை மட்டும் நம்பி ஓடிவிட முடியாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய சுமைக்குப் பழகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் பழக மாதங்கள் ஆகின்றன. மூச்சு இடம் கொடுக்கும்போதே முழங்காலும் குதிகாலும் பழுதாவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். இதற்காகவே பயிற்சியாளர்கள் ஓடும் தூரத்தை வாரவாரமாக உயர்த்தி, வாரத்தில் ஒரு நாள் மெதுவான நீண்ட ஓட்டத்தை வைத்து, பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடலை ஆறவிடுகிறார்கள். ஆனால் அட்டவணை தன்னளவில் காப்பு ஆகிவிடாது. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், தூரத்தை 13 வாரங்களில் சிறுகச் சிறுக உயர்த்தியவர்களும் வழக்கமான 8 வாரப் பயிற்சி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில், ஐவரில் ஒருவர் என, காயமடைந்தனர்.

சென்னையில் ஓடுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தயம் ஜனவரியில் என்றால் பயிற்சி செப்டம்பரில் தொடங்கி, அதன் கடுமையான வாரங்கள் வடகிழக்குப் பருவமழைக்குள் போய் விழுகின்றன. வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டவர் நவம்பரில் இரண்டு நீண்ட ஓட்டங்களை மழைக்குப் பறிகொடுத்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் அவை அனைத்தையும் சேர்த்து ஓட முனைகிறார்; காயம் அங்கேதான் பிறக்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் தென்சென்னையை நீரில் ஆழ்த்திய நாட்களில் எந்த அட்டவணைக்கும் பொருளில்லாமல் போயிற்று. தேங்கிய நீருக்குள் திறந்த பாதாளச் சாக்கடையும் மின்கசிவும் இருக்கக்கூடும், எலிக்காய்ச்சல் கிருமியும் அந்நீர் வழியே பரவும் என்பதால், வெள்ளநீரில் ஓடுவதை மனஉறுதி என்று பாராட்டுவது பொறுப்பான செயலன்று. தவறிய ஓட்டம் தவறியதாகவே இருக்கட்டும். வீட்டு மாடிப்படி, அடுக்ககத் தாழ்வாரம், மழை ஓய்ந்த மாலையில் கடைத்தெரு நடை ஆகியவை உடலை அசைவில் வைத்திருந்தால், ஒரு வார இடைவெளியால் உடற்திறன் பெரிதும் குறைந்துவிடாது. 1930களில் சுவீடனின் கோஸ்டா ஹோல்மர் உருவாக்கிய ‘ஃபார்ட்லெக்’ முறை, எப்போது விரைவது, எப்போது தளர்வது என்பதை ஓடுபவரின் விருப்பத்துக்கே விட்டது. ஒழுங்குக்குள் நெகிழ்வு இருக்கலாம் என்பதைத் தொழில்முறை ஓட்டவீரர்களே நெடுநாளாக ஏற்றுள்ளனர்.

பந்தய நாளின் இடர்களில் மூன்று உயிரைப் பறிக்கக்கூடியவை. முதலாவது வெப்பத் தாக்கு: உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நடத்தை தடுமாறும் நிலை. கடலோர ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடுவதால் உடல் குளிர்வதில்லை. எனவே வெயில் ஏறும் முன்பேகூட இது நேரலாம். இந்நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வரை காத்திருக்காமல், பனிக்கட்டி இட்ட நீரால் அந்த இடத்திலேயே உடலைக் குளிர்விக்க வேண்டும். இரண்டாவது, அளவு மீறித் தண்ணீர் குடிப்பதால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோவது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இக்குறைவு காணப்பட்டது. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே நல்லது. மூன்றாவது திடீர் இதய நிறுத்தம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் 59 பேருக்கு அது நேர்ந்தது, அவர்களில் 42 பேர் இறந்தனர். மிக அரிது என்பது உண்மை; ஆனால் 2023 ஜூலையில் மதுரையில் நடந்த விழிப்புணர்வு மாரத்தானை ஓடி முடித்த கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்ததைத் தமிழகம் கண்டது. இளமை காப்பாகாது. குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தாலோ இதய மருத்துவரைப் பார்த்த பிறகே பெயர் பதிய வேண்டும். காய்ச்சல் விட்ட சில நாட்களிலேயே பந்தயம் ஓடுவதும் ஆபத்தானது.

இங்கேதான் நுகர்வோர் உரிமை தொடங்குகிறது. கட்டணம் வாங்கி நடத்தப்படும் பந்தயம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. அறிவித்த இடங்களில் குடிநீர் இல்லாமை, மருத்துவ ஊர்தி வராமை, போக்குவரத்தை நிறுத்தாத சாலையில் ஓடவிடுதல், நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தராமை ஆகியவற்றைச் சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் நிகழ்வு நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பதிவுப் படிவத்தின் அடியில் ‘என்ன நேர்ந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல’ என்ற வரிக்கு நேரே ஒரு சிறு கட்டம் இருக்கும். பலர் படிக்காமலேயே அதில் குறியிடுகின்றனர். ஓட்டத்துக்கே உரிய இயல்பான இடரை ஏற்பதாக அந்தக் குறி பொருள்படலாம், ஆனால் அமைப்பாளரின் அலட்சியத்துக்கு அது முழுக் கவசம் ஆகிவிடாது. மாறாக, கட்டணமே வாங்காத விழிப்புணர்வு ஓட்டங்கள் இச்சட்டத்தின் ‘சேவை’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவற்றில் தவறு நேர்ந்தால் உரிமையியல் அல்லது குற்றவியல் வழிதான் மிஞ்சும் என்பதால், இலவச ஓட்டத்தில் சேரும் முன் மருத்துவ ஏற்பாடுகளைக் கூடுதல் கவனத்தோடு கேட்டறிவது அவசியம்.

நடப்பவரின் உரிமை இதைவிடப் பெரியது, இதைவிட மோசமாக மீறப்படுவதும் அதுவே. கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், பயன்படுத்தத்தக்க நடைபாதை பெறுவது 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று கூறியது. அந்நடைபாதை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை, நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டார் வாகனமில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தையாவது நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவதாகவும், 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை அமைப்பதாகவும் உறுதியளித்தது. ஒரு நாடா அளவுகோலோடு மயிலாப்பூரின் எந்தக் குறுக்குத் தெருவிலும் இறங்கி அளந்தால் அந்த உறுதியின் இன்றைய நிலை தெரிந்துவிடும்: வீட்டு வாசலிலிருந்து சாலை வரை நீளும் சிமெண்ட் சாய்தளம், அதையடுத்து மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதற்கும் அப்பால் வரிசையாக நிறுத்திய இருசக்கர வாகனங்கள். லஸ் பகுதியிலும் அடையாற்றிலும் மெட்ரோ பணியின் தடுப்புகள் மீதியையும் எடுத்துக்கொண்டுள்ளன. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம், அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் அது ஒரு சாலைதான். பெசன்ட் நகரில் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பாதை வகுத்ததும் வரவேற்கத்தக்கதே, எனினும் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாதை வரை நடக்க வழி இருந்தால்தான் அது அன்றாடப் பயனுக்கு வரும். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நடைபாதை வியாபாரிகளை விரட்டுவது இதற்கு வழியன்று. அவர்களின் வாழ்வாதாரத்தை 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் காக்கிறது. நகர விற்பனைக் குழு மூலம் அவர்களுக்கு இடம் வகுப்பதே முறை.

நடைபாதை இல்லாத தெருவில் நடப்பவரும் ஓடுபவரும் எதிரே வரும் வண்டியைப் பார்க்கும் வகையில் வலப்புறமாகச் செல்வதும், விடியலிலும் இருட்டிலும் வெளிர்நிற உடை அணிவதும், காதில் ஒலிக்கருவி மாட்டாமல் இருப்பதும் நல்லது. விபத்து நேர்ந்தால் 108ஐ அழைக்கலாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலும், பட்டியலிடப்பட்ட தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். அடிபட்டவரைக் கொண்டுசேர்க்கும் வழிப்போக்கரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வாகனம் அடையாளம் தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு இரண்டு லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. வாகனம் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். இந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும் அதை நம்பித் தாமதிப்பது நல்லதன்று. அதிகாலை நடையில் தெருநாய் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, சொன்ன நாட்களில் தடுப்பூசியை முழுமையாகப் போட்டு முடிக்க வேண்டும். இரத்தம் வரும் அளவுக்குக் கடித்திருந்தால் காயத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

மாரத்தானுக்காகப் பல மாதம் ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் ஆயிரக்கணக்கானோர் இந்நகரில் இருக்கிறார்கள். ஒரு விடியற்காலைக்காகச் சாலைகளை மூடித் தரும் நிர்வாகத்திடம், ஆண்டு முழுவதும் நடைபாதையைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி இவர்களுக்கே முதலில் உண்டு. தங்கள் தெருவின் நடைபாதைத் தடையைப் படமெடுத்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதில் வராவிட்டால் மண்டல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொருவரும் ஒரு மனு அனுப்ப வேண்டும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர அலுவலகத்துக்குள்ள அவகாசம் 30 நாள்.