மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு

வீட்டுப்பாடம் எழுதி வராததற்காக எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தொடர்ந்து மூன்று நாள் கடிந்துகொண்டேன். நான்காம் நாள்தான் அவள் வாய் திறந்தாள். "எட்டு மணிக்கு மேல லைட் போடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க டீச்சர். கரண்ட் பில் ஏறிடுச்சு." முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

அவளுடைய அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தையல் இயந்திரம் காலால் மிதிப்பது. தைத்து முடித்ததைத் தேய்த்துக் கொடுக்க ஓர் அயர்ன் பாக்ஸ் உண்டு. பல ஆண்டுகளாக அந்த வீட்டுக்குக் கட்டணமே வந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை இலவசம் என்பதால் அதற்குள்ளேயே ஓட்டியிருக்கிறார்கள். இந்த முறை அட்டையில் 238 யூனிட் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார் கணக்கெடுப்பவர். யார் மேல் பழி போடுவது? கண்ணுக்குத் தெரிவது விளக்குதான். அதை அணைத்துவிட்டார் அம்மா.

நம் வீடுகளுக்குள் மின்கருவிகள் மளமளவென்று வந்துவிட்டன. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் கிராமத்து வீடுகளின் பொழுதுபோக்கையும் வேலையையும் மாற்றியதை நாமே பார்த்தோம். ஆனால் எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பது நம்மில் பலருக்கே ஊகம்தான். வகுப்பில் 'வாட்' என்றால் திறன், 'யூனிட்' என்றால் ஆற்றல் என்று எழுதிப் போடுகிறோம். தேர்வில் பிள்ளைகள் சரியாகவே எழுதுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அம்மாவிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை நான்கு மாணவர்களுடன் அந்த வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு நோட்டு, நொடி பார்க்க என் கைப்பேசி, அவ்வளவுதான். இப்போதுள்ள மின்னணு மீட்டர்களின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். அதன் அருகே ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த வீட்டு மீட்டரில் 3200. அதாவது, 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். (எல்லா மீட்டரிலும் இதே எண் இருக்காது, பார்த்துக்கொள்ள வேண்டும்.) 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது பாடத்தில் உள்ளதுதானே. ஆகவே ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, 60ஆல் பெருக்கி, 3200ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைத்துவிடும். மீட்டரையோ ஒயரையோ யாரும் தொடக் கூடாது, தள்ளி நின்று பார்ப்பது மட்டும்தான் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சுவிட்சுகளைப் போட்டு அணைத்ததெல்லாம் அம்மாதான்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அவள் படிக்கும் 9 வாட் எல்இடி பல்பை மட்டும் போட்டோம். மீட்டர் சிமிட்டவே இல்லை. "மீட்டர் செத்துப்போச்சு டீச்சர்" என்றான் ஒருவன். காத்திருக்கச் சொன்னேன். ஒரு சிமிட்டல் வந்தது. அடுத்தது வர இரண்டு நிமிடத்துக்கும் சற்று மேல் ஆனது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 9 வாட்டுக்கு மணிக்கு ஏறத்தாழ 29 சிமிட்டல்.

அடுத்து அயர்ன் பாக்ஸ். போட்டதுதான் தாமதம், நொடிக்கு ஒன்றாகச் சிமிட்டத் தொடங்கியது. நிமிடத்துக்கு 53. "இதுதான் திருடன்!" என்று பிள்ளைகள் ஒரே கூச்சல். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவருடைய பிழைப்பே அதில் அல்லவா இருக்கிறது? ஆனால் சில நிமிடங்களில் சிமிட்டல் சட்டென்று நின்றது. பெட்டி வேண்டிய சூட்டை எட்டியதும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. சூடு குறைந்தால் மறுபடி இணைக்கிறது. தேய்க்கும் நேரத்தில் பாதிதான் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டோம். நாளுக்கு ஒரு மணி நேரம், 50 நாள் வேலை என்றால் 25 யூனிட்.

பிறகு ஃபிரிட்ஜ். நான்கு மாதத்துக்கு முன் பழையதாக வாங்கியது. நிமிடத்துக்கு ஆறோ ஏழோ சிமிட்டல்தான், ஏறத்தாழ 120 வாட். அயர்ன் பாக்ஸைப் பார்த்த கண்ணுக்கு இது பரம சாது. பிள்ளைகள் நோட்டை மூடப் போனார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள் என்றேன். அரை மணி நேரம் ஆகியும் சிமிட்டல் ஒருமுறைகூட நிற்கவில்லை. கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தோம். வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் நைந்து குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது, கம்ப்ரசரும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 யூனிட், 60 நாளில் 170க்கு மேல். இரவில் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று கழித்தாலும் பில் ஏறிய கதை அங்கேயே இருந்தது.

அந்தப் பெண்ணே கரும்பலகைக்குப் பதிலாகத் திண்ணையில் சாக்பீஸால் தன் விளக்கின் கணக்கைப் போட்டாள். 9 வாட், இரவு 2 மணி நேரம், 60 நாள். 1080 வாட் மணி. இரண்டு மாதப் படிப்புக்கு ஒரு யூனிட்டும் சொச்சமும். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கா நான் புள்ளைய இருட்டுல உட்கார வச்சேன்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதே இருட்டுக்காக அவளைத் திட்டியவள்தானே நானும்.

கிளம்பும்போது ஒரு மாணவன், டிவியை ரிமோட்டில் அணைத்துவைத்தால் என்ன ஆகும் என்று கேட்டான். செட்டாப் பாக்ஸோடு சேர்த்துப் பார்த்தோம். 112 நொடிக்கு ஒரு சிமிட்டல், சுமார் 10 வாட். அணைந்துகிடப்பதாக நாம் நினைக்கும் பெட்டிகள், எரிகிற பல்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டிருந்தன! நாளில் 20 மணி நேரம் அப்படியே கிடந்தால் இரண்டு மாதத்தில் 12 யூனிட்.

கணித ஆசிரியர்களுக்கும் இதில் நிறைய வேலை இருக்கிறது. நம் மாநில வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள படியின் விலையும் மாறுகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்; 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதன் பிறகு விகிதங்கள் உயர்ந்திருக்கின்றன, ஆகவே பிள்ளைகளை அவரவர் வீட்டின் அண்மை ரசீதை வைத்தே கணக்கிடச் சொல்வது நல்லது. கட்டணத் தொகையை வகுப்பில் உரக்கச் சொல்ல வைக்க வேண்டாம். யூனிட் போதும். வீட்டு வசதி வெளியே தெரிவதில் பிள்ளைகளுக்குக் கூச்சம் உண்டு.

சில வாரம் கழித்துக் கதவு ரப்பரை மாற்றினார்கள். அடுத்த கணக்கெடுப்பில் 151 யூனிட். வெயில் தணிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த மாணவியே சொன்னாள். வீட்டுப்பாடம் இப்போது ஒழுங்காக வருகிறது. செட்டாப் பாக்ஸைச் சுவரிலேயே அணைக்கும் வேலையை அவள் தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறான். அது திரும்ப உயிர் பெறுவதற்குள் சீரியலின் முதல் காட்சி போய்விடுகிறது என்று பாட்டிக்கு மட்டும் என்மேல் கோபம்.