அரிவாளாக வளையும் அணுக்கள்

சிக்கில் செல் சோகை, சிவப்பணுவைத் தாக்கும் பரம்பரை நோய். தமிழில் அரிவாள் செல் நோய் என்பார்கள். வீச்சரிவாள் அல்ல, கதிர் அறுக்கும் அரிவாள். நல்ல சிவப்பணு, இருபுறமும் விரலால் அழுத்திய மாவு உருண்டை மாதிரி இருக்கும்; தன்னைவிடக் குறுகலான நாளத்திலும் நெளிந்து போய்விடும். இந்நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வாலின் உட்கார்ந்துவிடுகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆக்சிஜனைக் கொடுத்து முடித்ததும் அந்த ஹீமோகுளோபின் நூல் நூலாகக் கோத்துக்கொள்ள, அணு விறைத்து வளைகிறது. 120 நாள் இருக்க வேண்டியது 10 முதல் 20 நாளில் உடைந்துபோகிறது. உடைவதால் சோகை, மஞ்சள் படர்ந்த கண். வளைந்தவை சிறு நாளங்களை அடைப்பதால் எலும்பைக் குடையும் வலி.

சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-ல் இதை முதன்முதலில் விவரித்தார். இந்தியாவில் இது தெரியவந்தது நீலகிரியில்தான்: 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இருளர், பணியர் உள்ளிட்ட மலைமக்களிடம் கண்டார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவருக்குப் பொதுவாக நோய் வராது. கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா ஆண்ட பகுதிகளில் இந்த மரபணு நிலைத்தது அதனால்தான். கணவன் மனைவி இருவரிடமும் அது இருந்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். நாலு பிள்ளையில் ஒன்று என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

பிறந்த சில மாதங்கள் கருப்பருவ ஹீமோகுளோபின் குழந்தையைக் காக்கும். அது குறைந்தபின், கைவிரலும் பாதமும் வீங்கிக் குழந்தை வீறிட்டு அழுவது பல வீடுகளில் முதல் அறிகுறி. சோகை என்றதும் இரும்பு மாத்திரை கொடுப்பது வழக்கமான பிழை. இங்கே இரும்பு போதாமல் சோகை வருவதில்லை. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கோ இரும்பு மிஞ்சித் தங்கிவிடும். புது அணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலம்தான் வேண்டும்.

வலியைக் கிளப்புபவை பெரும்பாலும் அன்றாட விஷயங்கள்: தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை, ஓடையின் குளிர்ந்த நீரில் குளியல், மலையிரவின் பனி, கடும் களைப்பு. நாள் முழுக்கத் தண்ணீர், கம்பளி, இடையிடையே ஓய்வு என்று பழகிக்கொள்ள வேண்டும். ஹைட்ராக்சியூரியா மாத்திரை கருப்பருவ ஹீமோகுளோபினைக் கூட்டி வலியின் வரவைக் குறைக்கிறது. வலி இல்லாத நாளிலும் அதை விடக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. பொருத்தமான கொடையாளரின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைத்துக் குணப்படுத்தவும் முடியும். கொடையாளர் கிடைப்பதுதான் அரிது.

கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் இந்நோயில் சிறுவயதிலேயே செயலிழக்கிறது. அதனால் தடுப்பூசிகளும், ஐந்து வயதுவரை பென்சிலினும் அவசியம். சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் போட்டுக்கொண்டு காத்திருக்க முடியாது; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில குழந்தைகளுக்கு ரத்தம் மண்ணீரலில் திடீரென்று தேங்கிவிடும். இடது விலா எலும்புக்குக் கீழே தொட்டுப் பார்க்கத் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே நேற்று இல்லாத கட்டி இன்று கைக்குத் தட்டுப்பட்டு, குழந்தை வெளிறிச் சோர்ந்தால், உடனே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.