காவிரிக் குடும்பம்

காவிரிக் குடும்பம் என்பது தமிழ்நாடு, கர்நாடக மாநில உழவர்கள் காவிரி நீர்ச் சிக்கல் குறித்துத் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்வதற்காக 2003-ஆம் ஆண்டு உருவான குழு ஆகும். சென்னை அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் களம் அமைத்துக் கொடுத்தது. அந்நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் இம்முயற்சியை முன்னெடுத்தார். பருவமழை நிலையற்றுப் போகும் காலத்தில் நீரைப் பகிரும் மக்களிடையே அமைதியை எவ்வாறு கட்டுவது என்ற கேள்விக்குத் தமிழகத்திலிருந்து காட்டத்தக்க எடுத்துக்காட்டு இது.

பின்னணி

காவிரி நீர் குறித்து 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் உடன்பாடு செய்துகொண்டன. பிரித்தானியர் ஆட்சியில் சமமற்ற நிலையில் செய்யப்பட்டவை என்பது அவற்றைப் பற்றிய கர்நாடகத்தின் மனக்குறை. கல்லணைக் காலந்தொட்டுத் தாங்கள் பாசனம் செய்து வரும் உரிமை பறிபோகிறது என்பது டெல்டா உழவர்களின் மனக்குறை. இரண்டிலும் உண்மை உண்டு என்பதுதான் இச்சிக்கலின் கடினம்.

டெல்டா உழவர் சங்கம் ஒன்று 1983-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அதன் தொடர்ச்சியாக 1990 ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. தமிழகத்திற்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும் என்று அது 1991-இல் இடைக்கால ஆணை வழங்கியது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) அவ்வாணை டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டனர், உயிர்கள் பறிபோயின, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் காவிரியில் பாசனம் செய்தவர்கள் அல்லர், நகரத்துக் கூலித் தொழிலாளர்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2002-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது பகை மீண்டும் மூண்டது. தமிழ்த் திரையுலகினர் நெய்வேலியில் போராட்டம் நடத்தினர். மறுநாள் நடிகர் ரஜினிகாந்த் சென்னை சேப்பாக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தார். காவிரிக் குடும்பம் பிறந்தது இந்தச் சூட்டில்தான்.

உழவர்களின் சந்திப்பு

2003 ஏப்ரலில் இரு மாநில உழவர்களும் சென்னையில் கூடினர். பின்னர் பெங்களூரிலும் கூடினர். தமிழகத் தரப்பில் மன்னார்குடி எஸ். ரங்கநாதனும், கர்நாடகத் தரப்பில் விவசாயிகள் சங்கத் தலைவர் கே. எஸ். புட்டண்ணையாவும் முக்கியப் பங்கு வகித்தனர். ரங்கநாதன்தான் 1983-இல் வழக்குத் தொடுத்த சங்கத்தின் செயலாளர். வழக்கைக் கைவிடாமலேயே எதிர்த் தரப்புடன் உட்கார்ந்து பேசவும் ஒருவரால் முடியும் என்பதற்கு அவரே சான்று.

கூட்ட அறையில் பேசியதைவிட வயல்களுக்கு நேரில் சென்றதே பெரிய பயன் தந்தது எனலாம். தமிழகத்தில் தடையின்றி மூன்று போகம் விளைகிறது என்ற எண்ணம் கர்நாடகத்தில் பரவலாக இருந்தது. கர்நாடக அணைகளில் எப்போதும் நீர் நிரம்பியிருக்கிறது என்ற எண்ணம் இங்கே பரவலாக இருந்தது. மண்டியாவின் காய்ந்த நிலத்தையும் டெல்டாவின் கடைமடையையும் பார்த்த பிறகு அப்படிப் பேசுவது எளிதல்ல.

எல்லைகள்

இக்குழுவின் வழியாக இரு அரசுகளும் உடன்பாட்டுக்கு வந்துவிடவில்லை. நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு அளித்தது. மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழகத்திற்கு 419, கர்நாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழகத்தின் பங்கை 404.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி. கர்நாடகத்திற்குச் சென்றது, அதில் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவையைக் கருதி அளிக்கப்பட்டது. இத்தீர்ப்பு வந்த இரண்டாம் நாளில் புட்டண்ணையா மறைந்தார்.

தீர்ப்புகள் இயல்பான ஆண்டுக்குத் தெளிவான கணக்கைத் தருகின்றன. மழை குறைந்த ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே கூறுகின்றன. எந்த மாதத்தில், எவ்வளவு, எந்த அணையிலிருந்து என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை. உழவர்கள் பேச முனைந்ததும் இந்த இடத்தைப் பற்றியே.

மாறும் மழை

குறுவைச் சாகுபடி ஜூன் முதல் செப்டம்பர் வரை மேட்டூர் நீரை நம்பியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அதற்குப் பின்னரே வரும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்புவது அதே தென்மேற்குப் பருவத்தில். ஆகவே மழை தாமதித்தால் இரு மாநிலங்களுக்கும் ஒரே வேளையில் தட்டுப்பாடு வருகிறது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 என்ற நாள் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து தவறியது. 2016-இல் கடும் வறட்சி. அவ்வாண்டு செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம். முக்கொம்பு கொள்ளிடம் மதகுகள் உடைந்தன. 2022-இல் மேட்டூர் மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட், இந்தியாவில் 1901-க்குப் பிறகு மிகவும் மழை குறைந்த ஆகஸ்ட் ஆயிற்று. செப்டம்பரில் கர்நாடகத்தில் மீண்டும் முழு அடைப்பு நடந்தது. வெப்பமாகும் காலநிலையில் இத்தகைய ஊசலாட்டம் மிகும் என்றே அறிவியலாளர்கள் எச்சரிக்கின்றனர்.

சென்னையும் காவிரியும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருப்பவர்களுக்குக் காவிரிச் சிக்கல் தஞ்சாவூர்க்காரர்களின் சிக்கலாகத் தோன்றலாம். அது சரியன்று. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு வரும் காவிரி நீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. இத்திட்டத்தின் திறன் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். அந்தக் கணக்கில் ஒரு டி.எம்.சி. நீர் சுமார் 157 நாட்களுக்கு வரும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதுவும் காவிரி நீரே, மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வேலூர்ப் பகுதி மக்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. தங்கள் குடிநீர் குறைந்துவிடும் என்று அங்கே எதிர்ப்புக் குரல் எழுந்தது. இம்முறை தண்ணீரைக் கேட்டவர்களும் தரத் தயங்கியவர்களும் ஒரே மாநிலத்தவர்.